கடைமடை ஸ்டேஷனுக்குக் குரல் கேட்கிறதா: வெளிநாட்டு உதவியும் போலீஸ் வயர்லெஸும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கேட்டவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தம்பி, தஞ்சாவூரில் பொறியியல் கடைசி வருடம். வளரும் நாடு ஒன்றின் தேசிய போலீஸ் ரேடியோ வலையமைப்பை வெளிநாட்டு உதவியில் மேம்படுத்துவது எப்படி என்று ப்ராஜெக்ட் எழுதுகிறார். "பழைய அனலாக் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, வருகிற பணத்தில் புது டிஜிட்டல் செட் வாங்கி எல்லா ஸ்டேஷனுக்கும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே, பிறகு ஏன் பல இடங்களில் இது நாலைந்து வருடத்தில் படுத்துவிடுகிறது?" என்று கேட்டிருக்கிறார். கூடவே அனுப்பிய செலவு அட்டவணையில் நூற்றுக்கு எழுபதைச் செட்டுக்கே போட்டிருக்கிறார்.

தம்பி, நான் போலீஸ் தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் பெரும்பகுதி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று இந்த மூன்று மாவட்டத்திலேயே போய்விட்டது, டவர் ஏறினதும் பேட்டரி தூக்கினதும்தான் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடிந்துவிடாது. இந்த வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் செட். உதவி கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், ஏனென்றால் அதைப் பெட்டியில் போட்டு மேடையில் வைத்துக் கொடுக்க முடியும், போட்டோ எடுக்க முடியும். இடி இறங்கினால் மின்சாரம் மண்ணுக்குள் போவதற்காகத் தோண்டுகிற எர்த் பிட்டை மேடையில் வைக்க முடியாது.

நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு ஒரு சொல் போதும்: கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு தூக்கினால் மறுநாள் பேப்பரில் படம் வரும், கல்லணையில் திறந்தாலும் வரும். தலைஞாயிற்றிலும் வேதாரண்யத்திலும் இருக்கிறவர் அந்தப் படத்தைப் பார்த்து விதைக்க மாட்டார். தன் வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் அவருக்குத் தண்ணீர் வந்த கணக்கு. போலீஸ் ரேடியோவும் அப்படியேதான். தலைநகரத்துக் கன்ட்ரோல் ரூமில் பெரிய திரை, ஏசி, சுழல் நாற்காலி எல்லாம் இருக்கும். அதை வைத்து ஒரு நாட்டின் வயர்லெஸை எடை போடாதீர்கள். கடைசி ஸ்டேஷனில் ராத்திரி பாரா நிற்கிற ஏட்டு, கரண்ட் போன பிறகு, மழையில், மைக்கை எடுத்துக் கூப்பிட்டால் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் ப்ராஜெக்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வி இருக்க வேண்டும்.

சரி, கடைமடைக்கு ஏன் குரல் போகாமல் போகிறது? முதல் காரணம் உயரம். போலீஸ் அதிகம் பயன்படுத்துகிற விஎச்எஃப் என்கிற ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவுக்குப் பின்னால் இருக்கிறவரை எட்டாது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 30 மீட்டர் மாஸ்ட் (ஆன்டெனாவைத் தாங்குகிற கம்பம்) என்றால் 22 கிலோமீட்டர் சொச்சம், 60 மீட்டர் என்றால் 32 கிலோமீட்டர். உயரத்தை இரண்டு மடங்காக்கினாலும் தூரம் ஒன்றரை மடங்குகூட ஆகாது என்பதைக் கவனியுங்கள். எதிர்முனையில் இருக்கிற ஆன்டெனாவுக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது நாகப்பட்டினத்தில் 60 மீட்டர் டவர், வேதாரண்யத்து ஸ்டேஷனில் 10 மீட்டர் மாஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32ம் 13ம் சேர்ந்து 45 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் 43 கிலோமீட்டர் இருக்கும். வரைபடத்தில் எட்டுகிறது. நடுவில் தென்னந்தோப்பு, கட்டடம், கேபிள் இழப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. கோடியக்கரை இன்னும் 10 கிலோமீட்டர் தள்ளி, அங்கே சுத்தமாக எட்டாது. நீலகிரி, கொடைக்கானல் மாதிரி ஒரு குன்று இருந்தால் அதன் மேல் ஒரு ரிப்பீட்டரை, அதாவது வருகிற குரலை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்புகிற கருவியை, வைத்துப் பாதி மாவட்டத்தை மூடிவிடலாம். நம் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? உயரத்தை இரும்பு வைத்துத்தான் கட்ட வேண்டும், அல்லது நடுவில் இன்னொரு ரிப்பீட்டர் வைக்க வேண்டும். இரண்டுமே பணம். 40 ஸ்டேஷனுக்குப் புது செட் கொடுத்தாலும் நடுவில் அந்த ஒரு ரிப்பீட்டர் இல்லையென்றால் கடைசி ஸ்டேஷன் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது காரணத்தை நான் கையில் எடுத்தே பார்த்திருக்கிறேன். கடற்கரையோர ஸ்டேஷன் ஒன்றில் ஒரு முறை, "செட் போய்விட்டது, புதுசு வேண்டும்" என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். போய்ப் பார்த்தேன். செட் நன்றாகத்தான் இருந்தது. மாஸ்ட் உச்சிக்கு ஏறி ஆன்டெனாவில் சொருகியிருந்த கனெக்டரைக் கழற்றினால், சொட்டு சொட்டாகத் தண்ணீர், உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. மேலே சுற்றிய டேப் வெயிலில் வெடித்து, அந்த இடுக்கில் உப்புக்காற்றும் மழையும் இறங்கியிருக்கிறது. கேபிளை ஒரு முழம் வெட்டிப் பார்த்தேன், கறுப்பு. இரண்டு முழம் வெட்டினேன், அப்போதும் கறுப்புதான். தண்ணீர் உள்பின்னல் வழியாகவே கீழ்வரை இறங்கியிருந்தது. கேபிளை மொத்தமாக மாற்றி, கனெக்டர் மேல் ரப்பர் டேப் இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதா டேப் சுற்றி, செட்டுக்கு வருகிற இடத்தில் கேபிளை ஒரு தொங்கல் விட்டுக் கட்டினேன், தண்ணீர் சொட்டி வெளியே போகட்டும் என்று. அன்று சாயங்காலமே அந்த ஸ்டேஷன் தெளிவாகப் பேசியது. செலவு, ஒரு புது செட்டின் விலையில் சின்னப் பங்குதான்.

நல்ல நிலையில் இருக்கிற கேபிளிலேயே எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். 25 வாட் செட்டில் இருந்து சாதா ஆர்ஜி-213 கேபிள் 40 மீட்டர் மேலே போனால், ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 11, 12 வாட்தான். பாதிக்கு மேல் வழியிலேயே சூடாகி வீணாகிறது. அரை இஞ்சு தடிமனான நல்ல கேபிள் போட்டால் 19 வாட் போய்ச் சேரும். வாய்க்கால் கரை ஓட்டையாக இருந்தால் மதகில் எவ்வளவு திறந்தும் என்ன பயன்? உதவித் திட்டங்களின் கொள்முதல் பட்டியலில் செட்டுக்கு மூன்று பக்கம் விவரக்குறிப்பு இருக்கும், கேபிளுக்கு "தேவையான அளவு" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் வலையமைப்பு செத்துப்போகிறது.

மூன்றாவது மின்சாரம். இதைச் சொல்லும்போது கஜாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் விழுந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்கள் பேட்டரி இருக்கிற வரை உயிரோடு இருந்தன, அதன் பிறகு அந்தப் பக்கம் முழுக்க ஊமையாகிவிட்டது. மரம் வெட்டி வழி எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசல் பூவரச மரம் காம்பவுண்டு மேல் படுத்திருந்தது, மாஸ்ட் நடுவில் ஒடிந்து கூரை மேல் கிடந்தது, அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி ஒரு பக்கம் துருப்பிடித்து அறுந்திருந்தது. ரைட்டர் நனைந்த பதிவேடுகளைப் பெஞ்சில் விரித்து வைத்து அதன் மேல் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப் பேட்டரியைக் கழற்றி அதற்குக் கொடுத்தோம். ஆன்டெனாதான் இல்லை. கேபிள் முனையைச் சீவி நடுக்கம்பியை 46 சென்டிமீட்டர் நிமிர்த்தி விட்டு, வெளிப்பின்னலோடு வீட்டு வயரிங் செம்புக் கம்பி நாலு துண்டு முறுக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒரு மூங்கில் முனையில் கட்டி, அந்த மூங்கிலைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினோம். நேராகக் கன்ட்ரோலுக்குப் போகவில்லை. நடுவில் இருந்த இன்னொரு ஸ்டேஷன்காரர் நம் குரலைக் கேட்டு, வாங்கி, திருப்பிச் சொன்னார். முதலில் போன செய்தி: முகாமில் எத்தனை பேர், குடிதண்ணீர் இல்லை, பிரசவ வலியில் ஒரு பெண், எந்த ரோடு வழியாக ஆம்புலன்ஸ் வர முடியும். அந்தப் பதில் குரல் வந்தபோது அங்கே நின்ற ஏட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்களை உங்களுக்கும் தருகிறேன். ஒரு ரிப்பீட்டர் பேசும்போது 10 ஆம்பியர், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்தில் மூன்று பங்கு நேரம் பேசினால் சராசரி 3.7 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் எண்பது சதவீதம் எடுக்கலாம் என்றால் 21, 22 மணி நேரம் வரும். பேட்டரி புதிதாக இருந்தால்! ஈய-அமில பேட்டரி, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கும். நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் ஐந்து வருட பேட்டரி இரண்டரை வருடம்கூடத் தாங்குமா என்பது சந்தேகம். உதவித் திட்டத்தில் பேட்டரியை ஒரே முறை வாங்கிவிட்டு, "பணி நிறைவு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது வருடம் கரண்ட் போனவுடன் ரிப்பீட்டரும் சேர்ந்து போகிறது. சோலார் பலகை, சார்ஜ் கன்ட்ரோலர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவதற்கான பணம், இதெல்லாம் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம்மிடம் குடிமராமத்து என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர் வாருவது. வாய்க்கால் வெட்டிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், வருடா வருடம் மராமத்து செய்கிறவர் உள்ளூர்க்காரர்தான். ரேடியோவுக்கும் மழைக்கு முன்னால் ஒரு மராமத்து தேவை. செப்டம்பரில் ஸ்டே கம்பி, போல்ட், கனெக்டர், எர்த் பிட், பேட்டரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து எழுதி வைக்கிற ஆள் வேண்டும், அவருக்கு ஒரு வண்டி வேண்டும், வண்டிக்கு டீசல் வேண்டும். வெளிநாட்டு உதவி பொருளாக வரும், டீசலாக வராது. பெறுகிற நாட்டின் வருடாந்தர பட்ஜெட்டில் இது ஒரு தலைப்பாக ஏறவில்லை என்றால் திட்டமே வேண்டாம் என்பேன்.

இப்போது வெளிநாட்டு உதாரணங்களுக்கு வருகிறேன். இராக்கில் 2003க்குப் பிறகு அமெரிக்கப் பணத்தில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோருக்குமாக ஒரு பெரிய டிஜிட்டல் ரேடியோ வலையமைப்பு போட்டார்கள், சுமார் 19 கோடி டாலர் செலவு. இராக் புனரமைப்பைத் தணிக்கை செய்வதற்கென்று அமெரிக்காவே வைத்திருந்த சிறப்பு அலுவலகம் 2006 ஜூலையில் இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. நல்ல பலன்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு மண்டலம் இன்னொரு மண்டலத்தோடு பேச முடியவில்லை, சாதாரண ஜனங்கள் ஆபத்து என்று அழைப்பதற்கு அந்த அமைப்புக்குள் வழியே இல்லை, நாடு முழுக்க நம்பி இருக்கக்கூடிய ஒன்றாக அது ஆகவில்லை என்றும் சொன்னது. யோசித்துப் பாருங்கள். போலீசுக்குள் பேச அத்தனை கோடி, போலீசைக் கூப்பிட ஜனத்துக்கு வழி இல்லை. நம்மூரில் 100ஐயோ 112ஐயோ அழுத்தினால் கன்ட்ரோல் ரூமில் ஒருவர் எடுக்கிறார், எடுத்தவர் மைக்கில் ஸ்டேஷனுக்கோ ரோந்து வண்டிக்கோ சொல்கிறார். போனும் மைக்கும் சந்திக்கிற அந்த மேசை இல்லாத வலையமைப்பு பாதி வலையமைப்புதான்.

ஒரிசாவில் இதற்கு நேர்மாறாக, நல்லபடியாக யோசித்தார்கள் என்று சொல்லலாம். அது போலீஸ் வலையமைப்பு இல்லை, புயல் எச்சரிக்கைக்கானது. உலக வங்கி உதவியோடு கடலோர மாவட்டங்களில் 122 இடங்களில் சைரன் கோபுரம் போட்டு 2018இல் தொடங்கினார்கள். அதில் டிஜிட்டல் ரேடியோ, சாட்டிலைட், செல்போன் செய்தி என்று பல வழிகளைச் சேர்த்து வைத்தார்கள், ஒன்று அறுந்தால் இன்னொன்று. அந்த எண்ணம்தான் முக்கியம். நம் கரைக்கும் சுனாமிக்குப் பிறகு உலக வங்கிக் கடன் வந்தது, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து 2005இல் ஒப்புதலான தொகை 46.5 கோடி டாலர். அதில் பெரும்பகுதி வீடு, சாலை, வாழ்வாதாரம். அது தப்பில்லை. சுனாமி அடித்த நாகப்பட்டினத்து மீனவ ஊர்களான அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் இருந்த நிலையில் வீடுதான் முதலில். வெளிநாட்டு உதவி என்றால் எல்லாமே வீண் என்கிற ஆள் நான் இல்லை, அதை நம்பித் தலை நிமிர்ந்த குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஆனால் செட் விஷயத்தில் கண்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு உதவி அமைப்பு, பெயர் வேண்டாம், கையடக்க செட் கொஞ்சம் கொடுத்தது. தரமான சரக்கு. இரண்டு வருடத்தில் பேட்டரி பேக் உப்பியது. அந்த மாடல் பேட்டரி இந்தியாவில் விற்பனைக்கே இல்லை. சரி, சேனல் அலைவரிசையை மாற்றி வேறு வேலைக்காவது வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கான கேபிளும் மென்பொருளும் கொடுத்தவர்களிடம்தான் இருந்தது, பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். அவர்கள் ஊர் திரும்பி வெகுநாள் ஆகியிருந்தது. அந்த செட்டுகள் பீரோவில் வரிசையாக நின்றன, நல்ல பிள்ளைகள் மாதிரி. ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருப்பதால் தூக்கி எறியவும் முடியாது. கொடுக்கிற நாட்டின் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிற உதவி எங்கேயும் இந்த இடத்தில்தான் போய் நிற்கும். ஆகவே உங்கள் ப்ராஜெக்டில் தைரியமாக எழுதுங்கள்: செட்டுகள் டெட்ரா, டிஎம்ஆர், பி25 என்கிற டிஜிட்டல் ரேடியோ முறைகள் மாதிரி, பல கம்பெனி செய்கிற திறந்த தரநிலையில் இருக்க வேண்டும். ப்ரோக்ராமிங் மென்பொருள், கேபிள், பாஸ்வேர்டு மூன்றும் பெறுகிற போலீசின் கையில் முதல் நாளே இருக்க வேண்டும். பேட்டரி உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கிறதாக இருக்க வேண்டும்.

திறந்த தரநிலை என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. டெட்ராவில் குரலை மறைக்கப் பல விதமான குறியீட்டு முறைகள் உண்டு. ஐரோப்பிய போலீசுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஏற்றுமதி செய்வதற்கு டிஇஏ1 என்று இன்னொன்று. 2023 ஜூலையில் மிட்நைட் ப்ளூ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழு, டிஇஏ1இல் 80 பிட் என்று சொல்லப்பட்ட சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகக் குறைக்கப்படுகிறது, சாதாரண கணினியிலேயே சில நிமிடத்துக்குள் அதை உடைத்துவிடலாம் என்று காட்டியது. அதுவரை அந்தக் குறியீட்டு முறை ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது, வாங்கிய நாடுகள் நம்பிக்கையின் பேரில்தான் வாங்கின. அதற்குப் பிறகு, அதே வருடக் கடைசியில், டெட்ராவை வகுத்த ஐரோப்பிய தரநிலை அமைப்பு அந்த முறைகளை வெளியிட முடிவு செய்தது. கொடுக்கிறவர் தன் வீட்டுக்கு ஒரு பூட்டும் நம் வீட்டுக்கு ஒரு பூட்டும் தருகிறாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நீங்கள் கேட்காதது. போலீசுக்கு ரேடியோ கொடுப்பது ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மிஷின் கொடுப்பது மாதிரி இல்லை. 1960களில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டுக்குள் பொதுப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. பல நாட்டு போலீசுக்கு அது பயிற்சியும் ரேடியோவும் கொடுத்தது, தென் வியட்நாமில் கிராமம் கிராமமாக ரேடியோ வைத்தது. உதவி வாங்கிய சில நாடுகளின் போலீஸ் சொந்த ஜனங்களைச் சித்திரவதை செய்கிறது என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, 1974இல் அமெரிக்க காங்கிரஸ் வெளிநாட்டு போலீசுக்கு அந்த வகையில் உதவி செய்வதைச் சட்டம் போட்டே நிறுத்தியது, பிறகு நிறைய விலக்குகள் வந்தன என்பது வேறு கதை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. குரல் பதிவுக் கருவி இல்லாமல் எந்த போலீஸ் வலையமைப்பும் கட்டக் கூடாது. யார் எப்போது யாருக்கு என்ன உத்தரவு கொடுத்தார் என்பது பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். நியாயமாக நடக்கிற போலீஸ்காரருக்கும் அது பாதுகாப்புதான்.

டிஜிட்டலா அனலாகா என்று கேட்டீர்கள். டிஜிட்டல் நல்லதுதான். டிஎம்ஆர் 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பேச்சு கொடுக்கும், டெட்ரா 25 கிலோஹெர்ட்ஸில் நாலு பேச்சு கொடுக்கும், அலைவரிசைப் பஞ்சம் இருக்கிற பெரிய நகரத்துக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எல்லையில் நடப்பதைப் பாருங்கள். அனலாகில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், அந்த இரைச்சலுக்குள்ளும் பழகிய காது "வேளாங்கண்ணி", "ரெண்டு பேர்", "ஆம்புலன்ஸ்" என்று பிடித்துவிடும். டிஜிட்டல் கடைசி வரை தெளிவாக இருந்து திடீரென்று ஒன்றுமே கேட்காமல் போகும். கடைமடை ஸ்டேஷனுக்கு அந்தக் கொரகொரப்புக் குரல்கூட உயிர். அதனால் கிராமப்புறத்தில் இரண்டும் பேசுகிற ரிப்பீட்டரில் தொடங்கி, கவரேஜை அளந்து, பிறகு மாறுங்கள் என்பதே என் யோசனை. செல்போன் கம்பெனி வலையமைப்பிலேயே போலீஸையும் ஏற்றிவிடலாம் என்பவர்களுக்கு பிரிட்டனைக் காட்டுங்கள். அங்கே டெட்ராவை 2019 இறுதிக்குள் மூடிவிட்டு அப்படி மாறுவதாகத் திட்டம், அந்தத் தேதி தாண்டிப் பல வருடம் ஆகியும் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பணமும் ஆளும் உள்ள நாட்டுக்கே இந்தக் கதி.

தீவுகள் நிறைந்த நாடு, மலைக்காட்டு நாடு என்றால் ரிப்பீட்டர் வைத்து மாளாது. 3 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எச்எஃப் என்கிற, விஎச்எஃப்பைவிடக் குறைந்த அதிர்வெண் அலையைத் தாழ்வான கிடைக்கம்பி ஆன்டெனாவில் செங்குத்தாக மேலே அனுப்பினால் வானத்தில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும், நடுவில் மலை இருந்தாலும் கவலை இல்லை. பழைய முறை என்று தள்ளிவிடாதீர்கள். 2004 சுனாமி நேரத்தில் போர்ட் பிளேயரில் தற்செயலாக இருந்த, பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிற ஹாம் ரேடியோக் குழுவின் எச்எஃப் செட்தான் அந்தமானுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவில் சேதி கடத்தியது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலைவரிசை ஒதுக்கீடு இல்லாமல் செட் இறக்கினால் துறைமுகத்திலேயே கிடக்கும். நம் நாட்டில் அலைவரிசை கொடுப்பது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு, மாநில போலீஸ் வயர்லெஸ்களை ஒருங்கிணைப்பது உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1946இல் தொடங்கிய போலீஸ் வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்குநரகம். நீங்கள் எடுத்துக்கொண்ட நாட்டில் இந்த இரண்டு வேலைக்கும் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பேரிடர் நேரத்தில் வெளிநாட்டுத் தகவல்தொடர்புச் சாதனங்களைத் தடையில்லாமல் உள்ளே விடுவதற்கு 1998இல் தாம்பேரே ஒப்பந்தம் போட்டார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8, சுனாமி வந்து இரண்டு வாரம் கழித்து.

ஆட்கள்தான் கடைசி, ஆனால் பெரியது. வெளிநாட்டுப் பொறியாளர் ஐந்து நாள் வகுப்பு எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவதைப் பயிற்சி என்று எழுதாதீர்கள். இந்தியா 1964 முதல் ஐடெக் திட்டத்தில் மற்ற நாட்டு அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சி கொடுக்கிறது. வெயில், உப்பு, மின்வெட்டு எல்லாம் தெரிந்த ஊரில் கற்றுக்கொள்வது ஒரு பனி நாட்டில் கற்றுக்கொள்வதைவிட அவர்களுக்கு உதவும். மாஸ்ட் ஏறத் தெரிந்த, சால்டரிங் தெரிந்த, ஆன்டெனாவுக்குப் போகிற சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுகிற எஸ்டபிள்யூஆர் மீட்டர் பார்க்கத் தெரிந்த நாலு பேர் ஒரு மாவட்டத்துக்கு வேண்டும். அவர்களை பந்தோபஸ்து வேலைக்கு இழுத்துவிடக் கூடாது என்று விதியே போட வேண்டும். கையேடு அவர்கள் மொழியில் இருக்க வேண்டும்.

நூறு ரூபாய் உதவி வந்தால் நான் எப்படிப் பிரிப்பேன் என்று கேட்டால், டவர், மாஸ்ட், கேபிள், எர்த், இடி தாங்கிக்கு நாற்பது. சோலார், பேட்டரி, ஜெனரேட்டருக்கு இருபது. ஆட்களுக்கும் பட்டறைக்கும் உதிரி பாகத்துக்கும் இருபது. மிச்சம் இருபதில் செட். இது என் கணக்கு, மலைநாட்டில் மாறும், ஆனால் செட்டுக்கு எழுபது போட்டிருக்கிற உங்கள் அட்டவணையைக் கட்டாயம் மாற்றுங்கள். அதற்கு முன்னால் நாட்டில் உள்ள எல்லா ஸ்டேஷனையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, கரண்டை நிறுத்திவிட்டு ஒரு முறை பேசிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்டேஷன் பேசவில்லையோ அங்கே இருந்துதான் பணம் இறங்க ஆரம்பிக்க வேண்டும், தலைநகரத்துக்குக் கடைசியில் வரலாம்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை வேலை முடிந்த அன்று கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு முழு மழைக்காலம் கழியட்டும். நம் கணக்குக்கு அக்டோபர் முதல் டிசம்பர். ஜனவரியில், கடைசி ஸ்டேஷனில் பாரா நிற்கிற ஏட்டையாவிடம் மைக்கைக் கொடுத்துக் கூப்பிடச் சொல்லட்டும். கன்ட்ரோல் பதில் சொன்னால் செக்கில் கையெழுத்துப் போடலாம்.